அகங்காரம் அடங்கிய பின்னும் எஞ்சும் இருள்: சைவ சித்தாந்தத்தின் அவத்தைக் கொள்கை

ஆழ்ந்து உறங்குபவனிடம் 'நான்' என்னும் எண்ணம் இல்லை. தன் பெயரை அவன் அறியான், குலத்தை அறியான், பகைவன் யாரென்பதையும் அறியான். தவம் செய்வோர் நெடுங்காலம் முயன்று தேடும் அகங்கார ஒடுக்கம் அவனுக்கு இரவுதோறும் முயற்சியின்றிக் கிடைத்துவிடுகிறது. விடிந்ததும் அவன் பழைய மனிதனாகவே எழுகிறான். நேற்றைய பகையும் ஆசையும் அச்சமும் விட்ட இடத்தில் அப்படியே காத்திருக்கின்றன. 1896இல் வெளிவந்த 'ராஜயோகம்' நூலில் விவேகானந்தர் உறக்கத்தையும் சமாதியையும் பிரித்தறியும் சோதனையாக இதையே கொண்டார். உறக்கத்துள் சென்ற அறிவிலி அறிவிலியாகவே மீள்கிறான், சமாதியுள் சென்றவனோ ஞானியாக மீள்கிறான் என்பது அவர் கருத்து. சோதனை செம்மையானது. ஆயினும் அது விளைவைக் கொண்டு வேறுபாட்டை உணர்த்துகிறது, காரணத்தைச் சொல்லவில்லை. அகங்காரம் இரண்டிலும் இல்லை. அப்படியானால் ஒன்றில் எஞ்சி நின்று மற்றொன்றில் நீங்கியது எது?

இந்திய மெய்யியல் மரபுகள் பலவும் இக்கேள்வியை எதிர்கொண்டுள்ளன. அவற்றுள் மிகத் துல்லியமான விடை 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டாரிடம் தொடங்கிய தமிழ்ச் சைவ சித்தாந்தத்தில் கிடைக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். அகங்காரத்தையும் ஆணவத்தையும் அம்மரபு இருவேறு பொருள்களாகப் பிரித்தது. அகங்காரம் மாயையிலிருந்து தோன்றிய ஒரு கருவி. ஆணவம் உயிரை அநாதியே பற்றி நிற்கும் மலம். கருவி அடங்குவதால் மலம் நீங்குவதில்லை. மலம் வலியிழந்த பின்னர்க் கருவி அடங்கியே தீரவேண்டும் என்பதும் இல்லை. இவ்விரு முடிவுகளையும் அம்மரபின் சாத்திரங்கள் ஒரே இடத்தில் சேர்த்து உரைக்கவில்லை. உயிர் அடையும் நிலைகளாகிய அவத்தைகளை அவை எண்ணி வகுத்த முறையில் இம்முடிவுகள் பொதிந்து கிடக்கின்றன. அந்த எண்ணிக்கையை ஓர் உரையாசிரியர் மரபுக் கணக்காக மனப்பாடம் செய்து கடந்துபோவது இன்றும் பாடசாலைகளில் வழக்கமாக உள்ளது. அதற்குள் இருக்கும் வாதத்தை வெளியே எடுத்துப் பார்ப்பது பயனுள்ளது என்று கருதுகிறேன்.

முதலில் ஆணவம் என்று சாத்திரம் குறிப்பது எது என்பதைத் தெளிவு செய்துகொள்ளவேண்டும். இன்றைய பேச்சில் அது செருக்கு. சாத்திரத்தில் அதன் பரப்பு பெரிது. அருணந்தி சிவாசாரியார் தம் குருவாகிய மெய்கண்டாரை முன்னிலைப்படுத்திப் பாடிய 'இருபா இருபஃது' ஆணவத்துக்கு எட்டுக் குணங்களை எண்ணுகிறது: விகற்பம், கற்பம், குரோதம், மோகம், கொலை, அஞர், மதம், நகை. எட்டில் செருக்கைக் குறிப்பது மதம் ஒன்றே. அஞர், அதாவது துன்பம், இப்பட்டியலில் இடம்பெறுவது ஊன்றி நோக்கத்தக்கது. தன்னைப் பெரியவனாக எண்ணி இறுமாப்பவனைப் போலவே தன்னை எளியவனாக எண்ணிப் புழுங்குபவனும் ஆணவத்தின் பிடியில்தான் இருக்கிறான் என்பதற்கு இது இடம் தருகிறது. அதே மரபின் உமாபதி சிவாசாரியார் 'திருவருட்பய'னில் ஆணவத்துக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கி, இருள்மலம் என்று பெயரிட்டார். புறத்திருள் பொருள்களை மறைக்கும்போதும் தான் இருப்பதைக் காட்டிவிடுகிறது. ஆணவமோ பிறவற்றையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்கிறது என்பது அங்கு அவர் காட்டும் வேறுபாடு. தன்னை மறைத்துக்கொள்ளும் ஒன்றை, அதனால் மறைக்கப்பட்டவன் தன் அனுபவத்தை மட்டும் நோக்கிக் கண்டுகொள்ள இயலாது. அவத்தை ஆராய்ச்சி சித்தாந்திகளுக்கு இன்றியமையாததானது இதனால்தான். ஆணவம் நேரே காட்சிக்கு வராது. உயிர் ஒவ்வொரு நிலையிலும் எதை இழந்து எதைப் பெறுகிறது என்று பார்த்து அதை அனுமானிக்கவேண்டும்.

அவத்தைகளைப் பற்றிய பேச்சு மாண்டூக்ய உபநிடதத்திலிருந்து தொடங்குவது வழக்கம். 12 மந்திரங்களே கொண்ட அச்சிறு நூல் நனவு, கனவு, உறக்கம் என்னும் மூன்றையும் ஓங்காரத்தின் அகர உகர மகரங்களோடு பொருத்தி, அவற்றைக் கடந்த நான்காவதை மாத்திரையற்ற மௌனத்தோடு பொருத்துகிறது. அந்நான்காவது அகத்தை அறிவதும் அன்று, புறத்தை அறிவதும் அன்று என்று மறுப்புகளின் வழியாகவே ஏழாம் மந்திரம் அதைச் சுட்டும். அத்துவித ஆசிரியர் கௌடபாதர் இதற்கு எழுதிய காரிகை உறக்கத்துக்கும் அந்நான்காவதாகிய துரியத்துக்கும் உள்ள எல்லையைக் கவனமாக வரைந்தது. நனவிலும் கனவிலும் இருப்பவன் காரணம், காரியம் இரண்டாலும் கட்டுண்டவன். உறக்கத்தில் இருப்பவன் காரணத்தால் மட்டும் கட்டுண்டவன். துரியத்தில் இரண்டும் இல்லை. உறக்கத்தில் விதை அப்படியே கிடக்கிறது என்பது இதன் பொருள். மூன்றாம் பிரகரணத்தில் அவர் இன்னும் ஒரு படி மேலே சென்று, அடக்கப்பட்ட மனமும் உறங்கும் மனமும் ஒன்றல்ல என்றும், இலயமாகிய ஒடுக்கத்தில் அமிழும் சித்தத்தை எழுப்பவேண்டும் என்றும் வலியுறுத்துகிறார். வேதாந்தம் வெற்று ஒடுக்கத்தை முத்தி என மயங்கியது என்று சித்தாந்தக் கண்டன நூல்கள் சில வேளைகளில் பேசுவது கௌடபாதருக்கு நீதி செய்வதாகாது. ஒடுக்கம் போதாது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

எனினும் மாண்டூக்ய மரபில் படிகள் ஒரே திசையில் ஏறுகின்றன. நனவிலிருந்து கனவு, கனவிலிருந்து உறக்கம், உறக்கத்துக்கு அப்பால் துரியம். பொருள் குறையக் குறையத் தூய்மை மிகும் என்னும் தோற்றத்தை இவ்வரிசை தருகிறது. மெய்கண்டார் இவ்வரிசையைத் தலைகீழாக வாசித்தார்.

அவர் இயற்றிய சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம் உயிரை அந்தக்கரணங்களிலிருந்து வேறுபடுத்துகிறது. மனமோ புத்தியோ அகங்காரமோ சித்தமோ உயிர் ஆகாது. ஆயினும் உடன்பிறந்த மலத்தால் உயிருக்குத் தானே அறியும் ஆற்றல் மறைந்திருப்பதால், அரசன் அமைச்சரோடு கூடி ஆள்வதுபோல அது இக்கருவிகளோடு கூடியே ஐந்து அவத்தைகளை அடைகிறது. இந்த அரசன் உவமையை அருணந்தியின் 'சிவஞான சித்தியார்' விரித்துரைக்கும். உலா சென்று மீளும் அரசன் ஒவ்வொரு வாயிலிலும் ஒரு பகுதிப் பரிவாரத்தை நிறுத்திவிட்டு, முடிவில் தனியனாய் அந்தப்புரம் புகுகிறான். உயிரும் அவ்வாறே கருவிகளை இடந்தோறும் விட்டுவிட்டு உள்ளே இறங்குகிறது.

எந்த வாயிலில் எது நின்றுவிடுகிறது என்பதைச் சாத்திரம் எண்களால் குறிக்கிறது. நனவாகிய சாக்கிரத்தில் உயிர் நெற்றியில் நின்று 35 கருவிகளோடு இயங்கும். அறிவுப் பொறிகள் 5, தொழிற்பொறிகள் 5, ஓசை முதலிய புலன்கள் 5, பேச்சு முதலிய தொழில்கள் 5, வாயுக்கள் 10, அந்தக்கரணங்கள் 4, புருட தத்துவம் 1. கனவாகிய சொப்பனத்தில் உயிர் கண்டத்துக்கு இறங்குகிறது; பொறிகள் பத்தும் நெற்றியிலேயே நின்றுவிட, 25 உடன் வருகின்றன. உறக்கமாகிய சுழுத்தியில் அது இதயத்தில் இருக்கிறது. அங்கே எஞ்சுவன சித்தம், பிராணன், புருடன் என்னும் மூன்றே. துரியத்தில் உந்தியில் பிராணனும் புருடனும். துரியத்தையும் கடந்த துரியாதீதத்தில் மூலாதாரத்தில் புருடன் மட்டும்.

கண்டத்திலிருந்து இதயத்துக்கு இறங்கும்போது 22 கருவிகள் கழிகின்றன. அவற்றுள் மனமும் புத்தியும் அகங்காரமும் அடக்கம். அந்தக்கரணங்கள் நான்கில் எஞ்சுவது சித்தம் ஒன்றுதான். ஆக, சித்தாந்தக் கணக்கின்படி அகங்காரம் நீங்குவது இறக்கத்தின் மூன்றாம் படியிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அதற்குக் கீழே இன்னும் இரண்டு படிகள் உள்ளன. அவ்விரண்டிலும் 'நான்' என்று எழுவதற்கான கருவியே இல்லை. அங்கே உயிர் தெளிவடைகிறதா? இல்லை என்பதே மரபின் விடை. அங்கே இருள் மேலும் செறிகிறது. புருடன் ஒழிந்த எல்லாக் கருவிகளும் விலகிய துரியாதீதத்தில் உயிர் ஆணவத்தோடு தனித்து விடப்படுகிறது. படைப்புக்கு முன் உடலும் வினைப்பயனும் சேராமல் மலத்தால் மட்டும் மூடுண்டு கிடந்த கேவல நிலைக்கு இது மிக நெருங்கியது. இவ்வரிசையைக் கீழாலவத்தை என்று சித்தாந்திகள் வழங்குவதன் காரணம் இதுவே.

அகங்காரத்தைப் பற்றிய மதிப்பீடு இங்கே முற்றிலும் மாறிவிடுவதைக் காணலாம். மனம் ஒன்றைப் பற்றி ஐயுறுகிறது. அகங்காரம் இதை நான் அறிந்தே தீர்வேன் என்று முனைகிறது. புத்தி இன்னதென்று துணிகிறது. முனைப்பு இல்லாவிடில் ஐயம் துணிவாக முதிர்வதற்கு வழியில்லை. மாயையின் கருவிகள் மலத்தால் மறைந்த அறிவைச் சிறிதளவேனும் விளங்கச் செய்ய இறைவன் தந்தவை என்பது மரபின் துணிபு. அவற்றுள் ஒன்றாகிய அகங்காரத்துக்கும் அந்தப் பெருமை உண்டு. நான்காம் சூத்திரத்தின் உதாரண வெண்பா ஒன்று பிரணவத்தை எடுத்துக்கொண்டு, அகரத்தை அகங்காரத்துக்கும் உகரத்தைப் புத்திக்கும் மகரத்தை மனத்துக்கும் விந்துவைச் சித்தத்துக்கும் உரியதாக்கி, நாதத்தை உயிருக்கு உரியதாக்குகிறது. மாண்டூக்யம் எழுத்துகளை நிலைகளோடு இணைத்த இடத்தில் மெய்கண்டார் அவற்றைக் கருவிகளோடு இணைத்தார். அதிலும் ஓங்காரத்தின் முதல் எழுத்தை அகங்காரத்துக்கே கொடுத்தார். அகங்காரத்தைப் பகை என்று கருதிய ஒருவர் இப்படி எழுதியிருக்க முடியாது.

இனி இக்கொள்கையின் உயிர்நிலையான பகுதிக்கு வருவோம். கேவலம், சகலம், சுத்தம் என்னும் மூன்று காரண அவத்தைகளின் கீழும் சாக்கிரம் முதல் துரியாதீதம் வரையிலான ஐந்தும் தனித்தனியே நிகழ்கின்றன. கேவலத்தின் சார்பில் நிகழ்வன கீழே இறங்கும் ஐந்து. உயிர் கருவிகளோடு கூடிய சகலத்தின் சார்பில், விழித்திருப்பவன் ஒரு பொருளை மறந்து, பின் மெல்ல நினைவுற்று, இறுதியில் தெளிவாக அறிவதற்கு இடைப்பட்ட சிறுபொழுதிலேயே ஐந்தும் நெற்றித் தானத்தில் நிகழ்ந்துவிடும். சுத்தத்தின் சார்பில் வரும் ஐந்தும் அருள்வழிப்பட்டவை. இவை நின்மல சாக்கிரம் முதல் நின்மல துரியாதீதம் வரை எனப்படும். திருமந்திரத்தின் எட்டாம் தந்திரத்திலேயே கீழ்நோக்கியும் மேல்நோக்கியும் செல்லும் அவத்தைகள் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. மெய்கண்ட சாத்திரங்கள் அதை ஒழுங்குபட்ட கோட்பாடாக ஆக்கின. 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் தம் சிவஞானபோத உரையாகிய மாபாடியத்தில் அதன் உட்பிரிவுகளைத் தருக்க நெறியில் நிலைநாட்டினார்.

துரியாதீதம் என்ற ஒரே பெயர் இருள் முழுமையான நிலைக்கும் அருள் முழுமையான நிலைக்கும் உரியதாகிவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டிலும் ஒடுக்கமே தெரியும். உள்ளிருப்பவனுக்கும் அவ்வேளையில் வேறுபாடு தெரியாது. கேவலத்தில் அறிவதற்கு அவனிடம் கருவி இல்லை, சுத்தத்தில் தன்னைத் தனியே அறிந்துகொள்ளும் முனைப்பு இல்லை. ஆகவே ஒரு நிலையின் உள்ளடக்கத்தையோ உள்ளடக்கமின்மையையோ கொண்டு அதன் தரத்தைத் தீர்மானிக்க இயலாது. மறைநிலை அனுபவங்களை ஆராய்வோர் இதைத் தங்கள் முதல் எச்சரிக்கையாகக் கொள்ளவேண்டும் என்று நம்புகிறேன்.

சுத்தாவத்தையின் இயல்பு வாதத்தின் மறுபாதியை நிறைவு செய்கிறது. அங்கே கருவிகள் அழிவதில்லை. இதுகாறும் உயிரின் சிற்றறிவுக்கு ஏவல் செய்த பசுகரணங்கள் சிவகரணங்களாக மாறுகின்றன என்று சித்தாந்தம் உரைக்கும். அதாவது உடலோடிருந்தே விடுதலை பெற்ற சீவன்முத்தனிடம் கண் காண்கிறது, நா பேசுகிறது, புத்தி துணிகிறது, அகங்காரமும் தன் முனைப்பைச் செய்கிறது. அச்செயல்களைத் தன்னுடையவை என்று பற்றும் மலம் மட்டும் வலியிழந்து கிடக்கிறது. கீழாலவத்தையின் அதீதத்தில் அகங்காரம் இல்லை, ஆணவம் முழுமையாக உள்ளது. நின்மல சாக்கிரத்தில் அகங்காரம் உள்ளது, ஆணவத்தின் ஆற்றல் இல்லை. ஒன்று இல்லாதபோதும் மற்றொன்று இருக்கக் கூடும் என்பது இரு திசையிலும் நிறுவப்படும்போது, அவ்விரண்டும் ஒரே பொருளின் இரு பெயர்கள் என்று சொல்ல வழியில்லை.

இங்கே ஒரு தடையை நேர்மையாக எதிர்கொள்ளவேண்டும். காட்சிக்கு வராத ஒரு மலத்தைக் கற்பிப்பது ஏன்? கௌடபாதர் கூறும் விதையே போதாதா? உறங்கி எழுந்தவன், சுகமாக உறங்கினேன், ஒன்றும் அறியேன் என்கிறான். நினைவு வேண்டுமானால் முன்பு அனுபவம் இருந்திருக்கவேண்டும். எனவே உறக்கத்திலும் சாட்சியாகிய அறிவு விளங்கிக்கொண்டே இருந்தது என்பது அத்துவிதிகளின் புகழ்பெற்ற வாதம். அவர்கள் நோக்கில் அறியாமை அறிவின்மேல் விழுந்த திரை. அறிவே அத்திரையை விலக்கும்.

சித்தாந்தி அதே கூற்றை வேறுவிதமாகப் படிப்பான். சுழுத்தியில் சித்தம் எஞ்சுவதாகச் சாத்திரம் எண்ணியிருப்பதால், சுகம் என்ற மங்கலான நினைவுக்கு அதுவே போதுமான இடம். சித்தமும் கழிந்த துரிய அதீதங்களிலிருந்து எவரும் எந்த நினைவையும் கொண்டுவருவதில்லை. ஒன்றும் அறியேன் என்ற பகுதியோ, கருவிகள் இன்றி உயிர் அறியமாட்டாது என்பதற்கு நேரான சான்று. சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டு என்று நிறுவும்போதே, அது உணர்த்த உணர்வது என்பதையும் ஒரு காரணமாகச் சேர்த்தது. இயல்பிலேயே தடையற்று விளங்கும் அறிவுக்கு உணர்த்துவார் வேண்டியதில்லை. உயிருக்கு வேண்டியிருக்கிறது. எனவே அதன் அறிவைத் தடுப்பது ஒன்று உண்டு. அது கருவிகளால் வந்ததன்று, ஏனெனில் கருவிகள் விலகும்தோறும் தடை மிகுகிறது. இந்த இறுதிப் படி வலிமையானது. கருவியே மறைப்புக்குக் காரணமாயின் கருவி கழிந்த உறக்கத்தில் பேரறிவு விளங்கியிருக்கவேண்டும்.

அத்துவிதிக்கு இதற்கும் மறுமொழி உண்டு. இலயத்தில் கருவி விதையாக ஒடுங்கியது, அழியவில்லை என்பான். நியாயமான மறுமொழிதான். அதனால் பூசல், எஞ்சுவது ஒரு பிழையா, பொருளா என்ற இடத்துக்கு நகர்கிறது. ஆகமச் சைவர்கள் மலத்தைத் திரவியம் என்றே கொண்டனர். கண்ணில் படர்ந்த படலத்தை, அது படலம் என்று அறிவதால் போக்க முடியாது, மருத்துவன் அகற்றவேண்டும் என்பது அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு. 12ஆம் நூற்றாண்டில் சிதம்பரத்தில் வாழ்ந்த அகோரசிவாசாரியார் வரை நீண்ட அந்தச் சிந்தனையில் தீக்கையாகிய கிரியையே மலத்தை அகற்றும் வழி. மெய்கண்டார் மலத்தைப் பொருளென்றே வைத்துக்கொண்டு, அகற்றும் வழியைக் குரு உணர்த்தும் ஞானத்தின்மேல் ஏற்றினார். எட்டாம் சூத்திரத்தில் ஐம்புல வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த உயிருக்கு, குருவாக வந்த முதல்வன் அவன் யார் என்பதை எடுத்துரைக்கிறான். அறிவே விடுதலை தருகிறது. ஆனால் அவ்வறிவு உயிரின் சொந்த முயற்சியில் விளைந்ததன்று. ஆணவத்தைத் தன் முயற்சியால் வெல்ல முனைபவன் அம்முனைப்பினாலேயே அதற்கு இரை தருகிறான் என்ற உளவியல் உண்மையை இக்கொள்கை போல வேறெதுவும் கூர்மையாகப் பிடித்ததில்லை.

தசகாரியம் என்னும் பத்துப் படிமுறை இதை நடைமுறையில் காட்டும். தத்துவ ரூபம், தத்துவ தரிசனம், தத்துவ சுத்தி எனக் கருவிகளை அறிந்து அவற்றினின்று விலகுவது முதல் மூன்று. ஆன்ம ரூபம், ஆன்ம தரிசனம், ஆன்ம சுத்தி அடுத்த மூன்று. சிவ ரூபம், சிவ தரிசனம், சிவ யோகம், சிவ போகம் இறுதி நான்கு. கருவிகளினின்று நீங்கியதோடு வேலை முடிந்துவிட்டால் பத்துப் படிகளில் மூன்றே போதும். ஆன்ம தரிசனத்தில் உயிர் தன் தூய அறிவைக் கண்டு, அதையே முடிந்த முடிபென்று, தானே பிரமம் என்று மயங்கக் கூடும் என்பது சித்தாந்திகள் ஓயாமல் தரும் எச்சரிக்கை. தத்துவ சுத்தியில் கழிந்தது கருவி. ஆன்ம சுத்தியில் கழியவேண்டியது தன்முனைப்பாகிய தற்போதம். ஆன்மிக அனுபவத்தின் உயர்ந்த படியிலேயே மிக நுண்ணிய தன்முனைப்பு ஒளிந்திருக்கும் என்று வகுத்துச் சொன்ன இந்த இடம்தான், என் பார்வையில், மரபின் தலைசிறந்த பங்களிப்பு.

ஒடுக்கம் மட்டும் விடுதலை ஆகாது என்ற முடிவுக்கு முற்றிலும் வேறான திசையிலிருந்து வந்தவர் ரமணர். 1896 ஜூலையில் மதுரையில் தம் 16ஆம் வயதில் மரண அச்சத்தை நேர்கொண்டு தன்னை விசாரித்த வேங்கடராமன் (பின்னாளில் ரமணர்), அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலை சேர்ந்தார். அவர் கொள்கை அத்துவிதத்தோடு ஒத்தது. ஆணவத்தைத் தனி மலமாக அவர் நிறுவ முற்படவில்லை. ஆயினும் 1927இல் இயற்றிய 'உபதேச உந்தியா'ரின் 30 பாடல்களுள், மன ஒடுக்கம் இலயம், நாசம் என இருவகைப்படும், இலயித்தது மீண்டும் எழும் என்று தனிப்பாடலில் வரையறுத்தார். அவர் அன்பர்களிடம் சொல்லிவந்த கதை ஒன்று உண்டு. கங்கைக் கரையில் தவமிருந்த யோகி ஒருவர் சீடனிடம் தண்ணீர் கேட்டார். சீடன் கொண்டுவருமுன் சமாதியில் ஆழ்ந்தார். மிக நெடுங்காலம் கழித்துக் கண் விழித்தபோது அவர் வாயில் முதலில் வந்தது தண்ணீர் எங்கே என்பதுதான். ஒடுங்கியபோது எந்த எண்ணம் மேலே இருந்ததோ அதுவே எழும்போதும் முதலில் எழுந்தது. நெடுங்கால ஒடுக்கம் ஒரு தாகத்தைக்கூடக் கரைக்கவில்லை. அந்த யோகி இருந்த இடம் கீழாலவத்தை என்று மெய்கண்டார் தயங்காமல் சொல்லியிருப்பார்.

வழி எது என்பதில் இருவரும் பிரிகிறார்கள். 'நான்' எழும் மூலத்தை நாடினால் அது நில்லாது ஓடிவிடும் என்பது ரமணர் நெறி. மறைப்பது தன்னையே மறைத்துக்கொள்வதால் உயிர் தானே நாடி அதைக் காணாது, அருள் காட்டவேண்டும் என்பது சித்தாந்த நெறி. ஒடுக்கம் விடுதலை அன்று என்பதில் மட்டும் இரு நெறிகளுக்கும் ஐயமில்லை. காஷ்மீரத்துச் சிவசூத்திரமும் நான்காம் நிலையை மற்ற மூன்றிலும் பரவச் செய்யச் சொல்வதால், ஒடுங்கிய நிலையில் தங்குவதைக் குறிக்கோளாக அதுவும் கொள்ளவில்லை என்பது தெளிவு.

மேலை ஆய்வுலகம் சென்ற வழி வேறு. உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1902இல் மறைநிலை அனுபவத்துக்குச் சொல்லுக்கு அடங்காமை, அறிவு தரும் இயல்பு, நெடுநேரம் நில்லாமை, தன் செயலற்றிருத்தல் என நான்கு அடையாளங்கள் வகுத்தார். மெய்யியலாளர் டபிள்யூ. டி. ஸ்டேஸ் 1960இல், எண்ணமும் உருவமும் அற்ற வெறும் உணர்வை அகநோக்கு அனுபவத்தின் மையமாக்கினார். இருவரும் அனுபவம் நிகழும் பொழுதின் இயல்பைக் கொண்டே அதை இனங்கண்டனர். சைலோசைபின் என்னும் காளான் மருந்தைக் கொண்டு நடந்த அண்மைக்கால ஆய்வுகளும் அவ்வாறே. இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட மூளைப் படப் பதிவுகளில், தன்னைப் பற்றிய சிந்தனையோடு தொடர்புள்ள மையப் பகுதிகளின் இயக்கம் அம்மருந்தால் தணிந்தது. தன்னுணர்வு கரைவதை அளக்கும் வினாப்பட்டியல்களும் பின்னர் வந்தன. இவ்வாய்வுகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவை அளப்பது கண்டத்திலிருந்து இதயத்துக்கு இறங்கும்போது கழியும் கருவியைத்தான். சித்தாந்த வகுப்பு கையில் இருந்தால், அக்கரைவு எத்திசையில் நிகழ்ந்தது என்ற அடுத்த கேள்வியை எழுப்பாமல் ஆய்வு முடியாது. அதற்கு விடை அனுபவத்துக்குப் பின்வரும் நனவில் தேடப்படவேண்டியது. அதற்கு மாதங்களும் ஆண்டுகளும் ஆகலாம்.

சித்தாந்தத்துக்கே உரிய ஓர் ஆபத்தையும் மறைக்கவேண்டியதில்லை. ஒடுக்கம் இருவகைப்படும் என்ற கருவியைக் கையில் எடுத்தவன், தனக்குப் பிடிக்காத எந்த ஞானியின் மௌனத்தையும் கேவலம் என்று தள்ளிவிடலாம். பிற சமயத்தாரின் அனுபவத்தைப் பற்றிக் கண்டன நூல்கள் அவ்வாறு தள்ளியதும் உண்டு. பிறருடைய நிலையை அளக்க அன்று, சாதகன் தன் நிலையை ஐயுற உதவுவதே இவ்வகுப்பின் முறையான பயன் என்று நான் கொள்வதற்குச் சிவஞானபோதத்தின் இறுதிப் பகுதி துணைநிற்கிறது.

பத்தாம் சூத்திரம் உயிர் இறைவனோடு ஒன்றி, அவன் பணியில் நிற்கும்போது மலமும் மாயையும் வல்வினையும் அற்றுப்போகும் என்கிறது. ஒன்றிய பின்னும் பணி இருக்கிறது. பதினொன்றாம் சூத்திரம், கண்ணுக்குக் காட்டி உயிர் தானும் காண்பதுபோல உயிருக்கு உணர்த்தி இறைவன் தானும் காண்கிறான் என்றுரைத்து, மறவாத அன்பினால் அவன் திருவடியை அடைவதைப் பேசுகிறது. அத்துடன் நூல் நிறைவு பெற்றிருக்கலாம். ஆனால் பன்னிரண்டாம் சூத்திரம் அந்த ஞானியை மீண்டும் ஊருக்குள் கொண்டுவருகிறது. மலத்தைக் கழுவி, அன்பரோடு கலந்து, அவர்தம் திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரன் என்றே தொழவேண்டும் என்று பணிக்கிறது. நின்மல துரியாதீதத்தை எட்டியவனுக்கு அடியார் கூட்டமும் கோயிலும் எதற்கு என்ற கேள்விக்கு, வாசனையாய் ஒட்டிய மலம் தலையெடுக்காதிருக்க என்று உரைமரபு விடை கூறுகிறது. அன்பு முதிர்ந்தவன் அன்பரை விட்டு இருக்கமாட்டான் என்றும் கொள்ளலாம், இரண்டும் பொருந்தும். என் கவனம் நிலைப்பது சூத்திரத்தின் சொல்முறையில். பதினொரு சூத்திரங்கள் கடந்து, திருவடிப்பேறும் சொல்லப்பட்டுவிட்ட பிறகும், அத்திருவடியை அணையவொட்டாத மலத்தைக் கழுவும் வேலையை மெய்கண்டார் அங்கே மறுபடியும் எடுத்துச் சொல்கிறார். அவ்வேலைக்கு அவர் குறித்த இடம், கண் திறந்திருக்கும் நனவில், பிற மனிதர்களின் நடுவே.